பினாங்கிலிருந்து டப்ளின்: 13 மணி நேரம் என்று காட்டிய பயணம்

பினாங்கிலிருந்து டப்ளின் எவ்வளவு தூரம் என்று கைப்பேசியில் தட்டினால் ஏறக்குறைய 10,600 கிலோமீட்டர், 13 மணி நேரம் என்று சட்டென்று வந்து நிற்கும். பினாங்கின் பெருநிலப் பக்கத்து ஊரான பிறையில் வீட்டை விட்டு இறங்கியதிலிருந்து டப்ளினில் மகள் படுத்திருந்த வார்டுக்குள் நுழையும்வரை எனக்கு இரண்டு நாளுக்கு மேல் ஆனது. ஐயாயிரம் வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) மேல் வீணாகக் கையை விட்டுப் போனது. ஆத்திரம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது, அதனால் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். பிள்ளையைத் தூர தேசத்துக்குப் படிக்க அனுப்பிவிட்டு, கல்லூரிக் கட்டணம், குளிர் ஜாக்கெட், மிளகாய்த்தூள் பொட்டலம் என்று எல்லாவற்றையும் யோசிக்கிறோம். நாளைக்கே கிளம்பி வா என்றால் எந்த ஊர் வழியாக, எந்த மாதிரி டிக்கெட்டில் போவது என்று யாரும் யோசிப்பதில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

மகள் மருத்துவம் படிக்கிறாள். பினாங்கில் இருக்கும் ஐரிஷ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தால் முதல் இரண்டரை வருடம் டப்ளினில், மீதி மருத்துவமனைப் பயிற்சியெல்லாம் இங்கே. பாதிப் படிப்பு ஊரிலேயே என்பதால்தான் துணிந்து சேர்த்தோம். இந்த வருடத் தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், நான் விரதத்தில் இருந்த சமயம், விடிகாலையில் அவளுடைய அறைத்தோழி கூப்பிட்டாள். "ஆன்ட்டி, பயப்படாதீங்க. அப்பெண்டிக்ஸ் வெடிச்சிடுச்சாம். ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிட்டுப் போயிட்டாங்க." பயப்படாதீங்க என்று ஆரம்பித்தாலே வயிறு கலங்கிவிடுகிறது. என் கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ், அவரால் வர முடியாது. நாத்தனார் வந்து வீட்டோடு தங்கி அவரைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அதோடு முடிவாகிவிட்டது, நான் மட்டும் போகிறேன். அதற்கு முன் நான் தனியாக விமானம் ஏறியது கே.எல். என்கிற கோலாலம்பூர் வரைக்கும்தான்.

முதலில் அந்த 13 மணி நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தூரம் காட்டும் செயலிகள் உருண்டையான பூமியின் மேல் இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே மிகக் குறுகிய கோட்டைப் போட்டு, அதை மணிக்கு 850, 900 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரத்தைச் சேர்த்துக் காட்டுகின்றன. கணக்கு சரிதான், அந்தக் கோட்டில் பறக்கும் விமானம்தான் கிடையாது. மலேசியாவிலிருந்து அயர்லாந்துக்கு நேரடி விமானம் இல்லை. எங்காவது இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். பினாங்குக்காரர்களுக்கு இன்னொரு கொடுமையும் உண்டு. கே.எல். விமான நிலையமான கேஎல்ஐஏ-விலிருந்து டப்ளின் ஏறக்குறைய 10,900 கிலோமீட்டர். அதாவது கே.எல். போய்ச் சேர்ந்தால் டப்ளினுக்கு முந்நூறு கிலோமீட்டர் பின்னால் போயிருப்போம். அங்கிருந்து தோஹா வழியாகப் போனால் மொத்தம் 11,600, துபாய் வழியாக 11,500, இஸ்தான்புல் வழியாக 11,300 கிலோமீட்டர் சுமாருக்கு வரும். இவற்றுக்குள் வித்தியாசம் பறக்கும் நேரத்தில் அரை மணிகூட இல்லை. ஆக, எந்த ஊர் வழி கிட்டம் என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் அர்த்தமே இல்லை. நேரம் முழுவதும் போவது தரையில், ஒரு விமானத்துக்கும் அடுத்த விமானத்துக்கும் நடுவே. இதை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் தேடிய விதமே வேறாக இருந்திருக்கும்.

டிக்கெட் விற்கும் இணையதளம் ஒன்றில் பினாங்கு, கே.எல்., வளைகுடாவில் ஒரு நகரம், டப்ளின் என்று ஒரே வரிசையில் காட்டியது. மறுநாள் மாலை 4 மணிக்குப் பினாங்கு விமான நிலையமான பாயான் லெப்பாஸில் ஏறினால் அதற்கு அடுத்த நாள் காலை 6.45-க்கு டப்ளின். மொத்தம் 22 மணி 45 நிமிடம். கே.எல்.-இல் இடைவெளி மூன்று மணி 50 நிமிடம். போகவர 5,240 வெள்ளி. ஒரே பக்கம், ஒரே விலை, ஒரே பொத்தான். பணம் கட்டி முடித்தபின் வந்த மின்னஞ்சலில்தான் இரண்டு முன்பதிவு எண்கள் இருந்தன. பினாங்கு–கே.எல். ஒரு விமானம், அது இறங்குவது முனையம் 2-இல். கே.எல்.–டப்ளின் இன்னொரு விமான நிறுவனம், அது கிளம்புவது முனையம் 1-இல். எல்லாவற்றுக்கும் கீழே, சாம்பல் நிறத்தில், செல்ஃப் டிரான்ஸ்ஃபர் என்று ஒரு வரி. பணம் கட்டும் பக்கத்தில் இல்லாத வரி, கட்டிய பிறகு வந்தது. அதற்குப் பொருள் இதுதான்: உங்கள் பெட்டியை நீங்களே எடுத்து, நீங்களே அடுத்த முனையத்துக்குத் தூக்கிப் போய், நீங்களே மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானக்காரருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

டிக்கெட் தேடும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் இதைக் கேளுங்கள். எல்லா விமானமும் ஒரே முன்பதிவில் வருகிறதா? ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அந்தக் குறியீடு முழுப் பயணத்துக்கும் ஒன்றே என்றால் கவலையில்லை. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் மின்டிக்கெட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது 13 இலக்கம், முதல் மூன்று இலக்கம் டிக்கெட் கொடுத்த நிறுவனத்துக்குரியது. பினாங்கு விமானத்துக்கும் டப்ளின் விமானத்துக்கும் அந்த எண் ஒன்றாக இருந்தால் வழியில் எது தவறினாலும் உங்களை டப்ளினில் கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. வேறு வேறு எண் வந்தால் நீங்கள் வாங்கியது இரண்டு தனித்தனிப் பயணம். விற்றவர் அதை ஒரே பயணம்போல ஒட்டிக் காட்டியிருக்கிறார், அவ்வளவுதான். முகவரிடம் நேரில் வாங்கினாலும் இதையே கேளுங்கள். நல்ல முகவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மதியம் பினாங்குப் பாலத்தில் நெரிசல் இருக்குமே என்று முன்கூட்டியே கிளம்பி, இரண்டு மணிக்கெல்லாம் பாயான் லெப்பாஸ் போய்விட்டேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஃபிளைட் 5.50-க்கு மாத்தியாச்சே, நேத்து ராத்திரியே மெயில் போயிருக்கே" என்றாள். எனக்கு எந்த மின்னஞ்சலும் வரவில்லை. அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். முன்பதிவில் இருந்த மின்னஞ்சல் முகவரி என்னுடையது இல்லை, டிக்கெட் விற்ற நிறுவனத்துடையது. தொலைபேசி எண்ணும் அவர்களுடையதே. விமான நிறுவனம் முறையாகத் தகவல் அனுப்பியிருக்கிறது, அது அவர்கள் பெட்டியில் போய் விழுந்து கிடக்கிறது. இது அங்கொன்றும் இங்கொன்றும் நடப்பதில்லையாம், அந்தப் பெண்ணே சலித்துக்கொண்டாள். அதனால் வெளியார் மூலம் டிக்கெட் வாங்கினால் அன்றைக்கே விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் முன்பதிவு எண்ணைப் போட்டுத் திறந்து, தொடர்புக்கான இடத்தில் உங்கள் எண்ணும் மின்னஞ்சலும் இருக்கிறதா என்று பார்த்து மாற்றிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. நேற்றிரவே தெரிந்திருந்தால் பிறைக்குப் பக்கத்துப் பட்டர்வர்த்தில் கே.எல். போகும் இடிஎஸ் விரைவு ரயில் ஏறியிருப்பேன். கே.எல். சென்ட்ரலுக்கு நாலு மணி நேரத்தை ஒட்டி, அங்கிருந்து கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸில் 28 நிமிடம். மதியத்துக்குள் முனையம் 1-இல் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

5.50-க்குக் கிளம்பினால் ஏழுக்குள் இறங்கிவிடலாம். டப்ளின் விமானம் 8.55, கவுண்டர் மூடுவது 7.55. இழுத்துப் பிடித்தால் முடியும் என்று மனசு சொன்னது. வேறு விமானத்தில் இடம் கேட்டேன், அந்த நேரத்துக்கு எல்லாம் நிரம்பியிருந்தது. வெளியே வாடகைக் கார்க்காரர் ஒருவர் எழுநூறு வெள்ளி கேட்டார். "ஆனா அம்மா, அஞ்சு மணிக்கு மேல கே.எல். ஜாம்ல மாட்டினா எனக்குத் தெரியாது" என்று நேர்மையாகச் சொல்லியும் விட்டார். சரி, நீண்ட தூர விமான நிறுவனத்தைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, அடுத்த விமானத்துக்கு மாற்றிக் கேட்போம் என்று பார்த்தால், டிக்கெட் கொடுத்தது முகவர், முகவர்தான் மாற்ற வேண்டும் என்று முடித்துவிட்டார்கள். முகவரின் எண்ணில் ஆளே இல்லை, சங்கீதம்தான் ஓடியது. அரட்டைப் பெட்டியில் ஓர் இயந்திரம், உங்கள் கேள்வியை வேறு விதமாகக் கேளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னது. என் பிள்ளை அங்கே வயிற்றில் குழாயோடு கிடக்கிறாள், நான் இங்கே இயந்திரத்துக்கு எப்படிக் கேட்டால் புரியும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

மழை பிடித்துக்கொண்டு விமானம் கிளம்பும்போது 6.15. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்பதால் ஆளுக்கொரு சாப்பாட்டுக் கூப்பன் கொடுத்தார்கள். அதை மாற்றக் கடைக்குப் போனால் வரிசையில் ஏறக் கூப்பிட்டுவிடுவார்கள், யாருக்கு வேண்டும் அது. முனையம் 2-இல் இறங்கியபோது 7.15. அங்கே நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது விமான நிலையமா நடைப்பயிற்சி மைதானமா என்று சந்தேகம் வரும். பெட்டி சுற்றி வர 7.40. முனையம் 1-க்கு ரயில் மூன்றே நிமிடம், இரண்டே வெள்ளி. ஆனால் ரயில் வரும்வரை நிற்க வேண்டுமே. இலவசப் பேருந்தும் உண்டு, அதற்கு இன்னும் நேரமாகும். முனையம் 1-இல் மின்தூக்கி பிடித்து ஐந்தாவது மாடிக்கு ஓடி, கவுண்டர் முன் நின்றபோது 8.02. மூடிவிட்டார்கள். பெல்ட்டெல்லாம் நின்றிருந்தது. ஒரு தம்பி மட்டும் பெட்டிப் பட்டைகளின் கிழிசலைப் பெருக்கிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தான். விமானம் இன்னும் வாசலில்தான் நிற்கிறது, ஏறவிடுங்கள் என்று கெஞ்சினேன். பெட்டியை இனி ஏற்ற முடியாது, பட்டியல் மூடியாகிவிட்டது என்றார்கள். அதைவிட மோசமான செய்தி அதற்குப் பிறகு வந்தது. போகும் விமானத்தில் ஏறவில்லை என்றால் அந்த டிக்கெட்டின் மீதிப் பகுதி முழுவதும் ரத்து, திரும்பி வரும் பயணமும் சேர்த்து. 5,240 வெள்ளி ஒரு நொடியில் வெறும் காகிதம்.

பெட்டியின் மேலேயே உட்கார்ந்து அழுதேன், வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. ஒரு மலாய்க்கார அம்மா டிஷ்யூ கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பக்கத்திலேயே சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து டிக்கெட் விற்கும் கவுண்டர்களைச் சுற்றினேன். இணையத்தில் தேடக் கூடாது என்று அந்த நேரத்தில் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. இஸ்தான்புல் வழியாக மறுநாள் இரவு ஓர் இடம் இருந்தது. போக மட்டும் 5,900 வெள்ளி, போகவர 6,400. அவசரத்தில் போக மட்டும் என்று சொல்லிவிடாதீர்கள், இரண்டு விலையையும் கேளுங்கள். பெரிய விமான நிறுவனங்களில் பல நேரம் ஒருவழி டிக்கெட்டுக்கும் இருவழிக்கும் இப்படித்தான் சின்ன வித்தியாசம் இருக்கும். லண்டன் வழியாக இன்னும் மலிவாக ஒன்று இருந்தது. ஆனால் லண்டனிலிருந்து டப்ளினுக்குத் தனி டிக்கெட், பெட்டியை வெளியே வந்து எடுக்க வேண்டும். அப்படிப் பிரிட்டனின் குடிநுழைவைத் தாண்டினால் மலேசியக் கடப்பிதழுக்கும் 2025 ஜனவரியிலிருந்து ஈடிஏ என்ற முன் அனுமதி வேண்டும். மறுபடியும் இரண்டு துண்டு டிக்கெட்டா, போதுமப்பா என்று விட்டுவிட்டேன். அமெரிக்கா வழியாக எங்கும் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கே விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் மலேசியர்களுக்கு விசா வேண்டும்.

கடன் அட்டையில் 6,400 போட இடமில்லை. வங்கியின் அவசர எண்ணைக் கூப்பிட்டு, தற்காலிகமாக வரம்பை உயர்த்தித் தரச் சொன்னேன். ராத்திரி ஒன்பதரைக்குக் கேள்விகள் கேட்டுச் செய்து கொடுத்தார்கள். இப்படி ஒரு வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது, உங்கள் வங்கியில் உண்டா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டெபிட் அட்டையை நம்பிப் போகிறவர்கள் வெளிநாட்டில் பயன்படுத்தும் வசதியை முன்பே செயலியில் திறந்துவிட வேண்டும். நம் வங்கிகள் அதை அடைத்துத்தான் கொடுக்கும், நாம் கேட்டால்தான் திறக்கும்.

பினாங்குக்குத் திரும்பிப் போய் மறுநாள் வர மனம் வரவில்லை. மறுபடி ஒரு விமானம், மறுபடி ஒரு தாமதம். படுக்க மட்டும் பெட்டி மாதிரிச் சின்ன அறை வாடகைக்கு விடும் விடுதியில் ஒரு தூக்கம் போட்டேன், தூக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். விரதச் சாப்பாடு தேடி அலைந்து, கடைசியில் ரொட்டி சனாய் வாங்கிக் குழம்பு வேண்டாம் என்று சொல்லி, சீனி தொட்டுத் தின்றேன். கடைத் தம்பி, "ஆன்ட்டி, பருப்புக் குழம்புதான், கறி இல்ல" என்றான். பக்கத்து அண்டாவில் இருந்த கரண்டிதான் அதிலும் கிடந்தது. வேண்டாம் தம்பி என்றேன்.

மறுநாள் பகல் முழுவதும் சும்மா கிடந்ததால் நம் நாட்டு விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகளை உட்கார்ந்து படித்தேன். இரண்டு மணி நேரத் தாமதத்துக்குச் சாப்பாடு, ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ என்றால் ராத்திரி தங்க வேண்டி வந்தால் தங்குமிடம், பயணமே வேண்டாம் என்றால் முழுப் பணம் திரும்ப, அதுவும் கட்டிய வழியிலேயே 30 நாளுக்குள். இந்தப் பணம் திரும்பும் விதி 2024 செப்டம்பரில்தான் வந்தது. எனக்கு இதில் கிடைத்தது என்ன? இரண்டே கால் மணி நேரத் தாமதத்துக்கு ஒரு கூப்பன். அந்தத் தாமதத்தால் வேறு டிக்கெட்டில் இருந்த ஐயாயிரம் வெள்ளி போனதற்கு இந்த விதியில் ஒன்றும் இல்லை. உள்ளூர் விமானக்காரர் அவர் கடமையைச் செய்துவிட்டார், நீண்ட தூரக்காரர் நேரத்துக்குக் கிளம்பிவிட்டார், நடுவில் ஒட்டி விற்றவர் காணாமல் போய்விட்டார். எல்லாரும் சரி, நான் மட்டும் தெருவில். பயணக் காப்புறுதி எடுக்கிறவர்கள் இணைப்பு விமானம் தவறினால் என்ற பகுதியைத் தேடி வாசியுங்கள். தனித்தனி டிக்கெட்டுக்கு அது பொருந்துமா, எத்தனை மணி இடைவெளி விட்டிருக்க வேண்டும் என்று அதில்தான் இருக்கும். வேறு வழியே இல்லாமல் தனித்தனியாக வாங்க நேர்ந்தால் முந்தின நாளே கே.எல். போய்த் தங்கிவிடுங்கள். அந்த ஒரு ராத்திரி வாடகைதான் உங்கள் உண்மையான காப்புறுதி.

இந்த முறை கவுண்டரில் பெட்டிப் பட்டையில் கடைசி ஊராக டப்ளினின் மூன்று எழுத்து அச்சாகி வந்ததைப் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது. பெட்டியை இனி டப்ளினில் பார்த்தால் போதும். விமானம் ஏறும் துணைக்கட்டடத்துக்குப் போகும் ஏரோட்ரெயின் என்ற நிலைய ரயில் 2025 ஜூலையிலிருந்து மறுபடி ஓடுகிறது, அதனால் பேருந்துக்காக நிற்கும் தொல்லையும் இல்லை. இரவு பதினொன்றரைக்குக் கிளம்பி, கொஞ்ச நேரத்தில் முன்னால் இருந்த திரையில் வரைபடம் வந்தது. விமானம் மலாக்கா நீரிணையைப் பிடித்து வடமேற்காகப் போகிறது, வலது பக்கத்தில் பினாங்கு என்று எழுதியிருக்கிறது. வீட்டை விட்டுக் கிளம்பி ஒன்றரை நாள் ஆகிறது, நான் வீட்டுக்கு நேர் மேற்கே இருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார், சிரித்திருப்பேன்போல.

கே.எல்.–இஸ்தான்புல் 8,400 கிலோமீட்டர் சுமார், 11 மணி நேரம். இஸ்தான்புல்–டப்ளின் 2,900 சுமார், நாலரை மணி நேரம். திரும்பி வரும்போது அதே தூரத்துக்கு ஒவ்வொன்றிலும் அரை மணி முதல் ஒரு மணிவரை குறைந்தது. விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்று ஓடுகிறது, குளிர்காலத்தில் அது இன்னும் பலமாக இருக்கும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது முதுகில் காற்று. செயலி இதையெல்லாம் காட்டாது, இரண்டு பக்கத்துக்கும் ஒரே எண்ணைத்தான் தரும். கடிகாரக் குழப்பமும் உண்டு. குளிர்காலத்தில் டப்ளின் நமக்கு எட்டு மணி நேரம் பின்னால், கோடையில் ஏழு. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். நேரடியாகக் கழித்துப் பார்த்தால் போகும்போது பயணம் சின்னதாகத் தெரியும், வரும்போது ஊதிப் பெரிதாகத் தெரியும். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு மலேசிய நேரத்தில் கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் நாத்தனார் மாதிரி, விமானம் இறங்கி எட்டு மணி நேரம் ஆச்சே, ஆளைக் காணோமே என்று சாமி கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்கவில்லை. இந்திய சைவம் வேண்டுமென்றால் ஏவிஎம்எல் என்ற குறியீட்டில் பொதுவாகப் பறப்பதற்கு 24 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும். எனக்கு முந்தைய இரவுதான் டிக்கெட், அதைச் சொல்லும் நிலையிலா இருந்தேன்? பணிப்பெண் பாவம், பழமும் ரொட்டியும் வெண்ணெயும் திரட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். விரதம் இருப்பவர்கள் கைப்பையில் பேரீச்சம்பழம், முறுக்கு என்று கொஞ்சம் வைத்துக்கொள்வது நல்லது.

டப்ளினில் காலை பத்து மணி, விரல் விறைக்கும் குளிர். அயர்லாந்துக்கு மலேசியர்கள் சுற்றுலாவாகவோ குடும்பத்தைப் பார்க்கவோ குறுகிய காலத்துக்குப் போக விசா தேவையில்லை. ஆனால் விசா இல்லை என்றால் கேள்வி இல்லை என்று பொருளில்லை. எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள், திரும்பும் டிக்கெட் எங்கே என்று அதிகாரி ஒவ்வொன்றாகக் கேட்டார். மகளின் தோழி மருத்துவமனையிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தாள், அதைக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, முத்திரை குத்திக்கொண்டே, அவள் நன்றாக இருப்பாள் என்றார். போகவர டிக்கெட் எடுத்தது இங்கே கைகொடுத்தது. இப்படிப் போகிறவர்கள் அந்த மாதிரி ஒரு கடிதமும், பிள்ளையின் மாணவர் அட்டைப் படமும், தங்கும் முகவரியும் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் காகிதத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் பயணத்தில் கைப்பேசி மின்சாரம் தாக்குப் பிடிக்காது.

வார்டுக்குள் போனபோது மகள் உட்கார்ந்து தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "ம்மா, நீ வர்றதுக்குள்ள நானே நடந்து வந்திருப்பேன்" என்றாள். அடிக்கக் கை ஓங்கினேன், பக்கத்துக் கட்டில் அயர்லாந்துக் கிழவி சிரித்தார். அங்கே இருந்த நாள்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கஞ்சி வைத்தேன், அவள் தேறினாள்.

திரும்பி வந்தபின் பணத்துக்கு அலைந்த கதை பாக்கி. விற்ற நிறுவனம், பயணி வரவில்லை, பணம் திரும்பத் தரப்படாது என்று இரண்டே வரியில் பதில் போட்டது. ஏறாத டிக்கெட்டாக இருந்தாலும் அதில் அடங்கிய அரசு வரியும் விமான நிலையக் கட்டணமும் நமக்குத் திரும்ப வேண்டியவை. முனையம் 1-இல் ஆசியானுக்கு வெளியே போகும் பயணிக்கு விமான நிலையக் கட்டணம் 73 வெள்ளி, புறப்பாட்டு வரி சாதாரண வகுப்பில் 20 வெள்ளி. எழுதிக் கேட்டால்தான் தருவார்கள், கேட்டேன், 93 வெள்ளி வந்தது. விமான நிறுவனத்தின் மேல் புகார் என்றால் முன்பு மேவ்காம் என்ற விமானப் போக்குவரத்து ஆணையம் பார்த்தது, 2025 ஆகஸ்ட் முதல் சிஏஏஎம் என்ற சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்தான் பார்க்கிறது. இடையில் விற்றவர் மேல் என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். பதிவுக் கட்டணம் ஐந்து வெள்ளி, 50,000 வெள்ளிவரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம். விற்றவர் மலேசியாவில் பதிவான நிறுவனமாக இருக்க வேண்டும், அதுதான் விஷயம். அதனால் டிக்கெட் வாங்கும் முன்பே அந்தத் தளத்தின் அடியில் போய் நிறுவனப் பெயரும் சுற்றுலா அமைச்சின் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டு முகவரி மட்டும் இருந்தால் பிரச்சினை வரும்போது யாரைப் போய்ப் பிடிப்பது? ஐரோப்பிய விதி ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். டப்ளினிலிருந்து கிளம்பும் எந்த விமான நிறுவனமானாலும், ஒரே டிக்கெட்டில் வந்து, அவர்கள் பக்கத்துக் காரணத்தால் கடைசி ஊரை மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு 600 யூரோ வரை கேட்கலாம். இங்கிருந்து அங்கே போகும்போது, ஐரோப்பிய நிறுவனமாக இல்லாவிட்டால், இது பொருந்தாது.

என் டிக்கெட்டை விற்றவருக்கு நல்லவேளையாக கே.எல்.-இல் ஓர் அலுவலகம் இருக்கிறது. திரையில் வந்த பக்கங்களை முதலிலேயே படம் பிடித்து வைத்திருந்தேன், பணம் கட்டும் பக்கத்தில் அந்தச் சாம்பல் வரி இல்லை என்பது அதில் பளிச்சென்று தெரிகிறது. மின்னஞ்சல் முகவரியை மாற்றிப் போட்டதற்குப் பாயான் லெப்பாஸ் கவுண்டர்ப் பெண் அச்செடுத்துக் கொடுத்த தாளும் இருக்கிறது. படிவத்தோடு எல்லாவற்றையும் சேர்த்து நடுவர் மன்றத்தில் கொடுத்தாயிற்று. விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன்.